குண்டம் எறங்கறது சாகச விளையாட்டுங்களா?

"எங்கள் சேவை தங்களுக்கு மகிழ்ச்சி அளித்ததா? மிகவும் மகிழ்ச்சி என்றால் ஐந்தை அழுத்தவும்."

காலையில பல்லு வெளக்கிட்டு இருக்கறப்ப வந்த போனுங்க இது. வாயெல்லாம் நுரையோட ஒண்ணை அமுத்தினேன். "தவறான உள்ளீடு"ன்னுட்டு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்குது. மூணு தடவை அமுத்தினேன், மூணு தடவையும் தவறான உள்ளீடுதான். மகிழ்ச்சி இல்லைன்னு சொல்றதுக்கு அவங்ககிட்ட பட்டனே இல்லை போல. பேஸ்ட்டை முழுங்கினதுதான் மிச்சம்.

எல்லாம் அம்மாவுக்கு எடுத்த பயண இன்சூரன்ஸ் பண்ற வேலை. அந்தக் கெரகத்தை ஒரு தடவை எடுத்தவங்களுக்கு நான் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 71. தங்கச்சி ஜெர்மனியில மாசமா இருக்கறா, ரெண்டாவது பேறுகாலம். அம்முச்சி வந்தாத்தான் ஆச்சுன்னு பேத்தி வேற வீடியோ கால்ல அழுகறா. ஜெர்மனி மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் போற ஷெங்கன் விசாவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டோணும். சரி, எடுத்தாப் போச்சுன்னு நெனைச்சேன். அம்மாவுக்கு இருக்கறதெல்லாம் சுகரு, பிரசரு, கண்ணுல பொரை எடுத்தது, அவ்வளவுதான். கோபியில 71 வயசுல இந்த மூணும் இல்லாத ஒரு ஆளைக் காட்டுங்க, பேருந்து நிலையத்துல வெச்சு நானே மாலை போடறேன்.

வயசு 70 தாண்டினதால மருத்துவக் குழுவுல இருந்து போன்ல பேசுவாங்கன்னு சொன்னாங்க. பேசினாங்க. 47 நிமிசம். அம்மா திண்ணையில உக்காந்து நெலக்கடலை உரிச்சுக்கிட்டே ஸ்பீக்கர்ல பேசினாங்க.

"வணக்கம் மேடம். கடந்த 36 மாதங்களில் தங்களுக்கு ஏதேனும் நோய், காயம் அல்லது பாதிப்பு கண்டறியப்பட்டதா, அதற்கான சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டதா?"

அம்மா என்னைப் பார்த்தாங்க. "என்ன சாமி கேக்குது அந்தத் தம்பி?"

"சீக்கு எதாச்சும் இருக்குதான்னு கேக்கறாங்கம்மா."

"அது இருக்குதுங் தம்பி. சுகரு இருக்குது, பிரசரு இருக்குது. நீ சோறு உண்டியா?"

அந்தப் பக்கம் சித்த நேரம் சத்தமே இல்லை.

"சர்க்கரை நோய் எத்தனை ஆண்டுகளாக மேடம்?"

"எங்க மாமியா செத்து மறு தீவாளி நோம்பிக்கு முறுக்குச் சுடறப்பத் தலை சுத்துச்சு. அப்பப் பார்த்ததுதான்."

"எந்த ஆண்டு மேடம்?"

"அதான் சொல்றனே தம்பி. மாமியா செத்ததுக்கு மறு வருசம்."

நான் 2008ன்னேன். "சார், விண்ணப்பதாரர்தான் பதில் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது." அம்மா காதுல சொன்னேன். அம்மா சத்தமா, "2008னு பையன் சொல்றான்"னாங்க. பொரை எடுத்தது எந்தக் கண்ணுன்னு கேட்டான். சோத்தாங்கைப் பக்கம்னாங்க. அந்தப் பையன் மெட்ராஸ்காரன் போல, சோத்தாங்கைன்னா எதுன்னு யோசிச்சுட்டு இருந்தான். குடும்பத்துல வேற யாருக்காச்சும் சுகர் உண்டான்னு கேட்டதுக்கு, "ஊருக்கே இருக்குதுங்"ன்னு பதில்.

இது வரைக்குங்கூடப் பரவாயில்லை. அடுத்த கேள்விதான் கேள்வி.

"மேடம், மலையேற்றம், பாராசூட், ஆழ்கடல் நீச்சல் போன்ற சாகச விளையாட்டுகளில் ஈடுபடுவீர்களா?"

நான் இல்லைன்னு தலையாட்டச் சொல்லி ஜாடை காட்டறதுக்குள்ள அம்மா வாயைத் தொறந்துட்டாங்க. "அதெல்லாம் இல்லீங் தம்பி. பங்குனியில பண்ணாரி மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் குண்டம் எறங்குவேன், அவ்வளவுதான்."

"குண்டம்னா மேடம்?"

"நெருப்புங் சாமி. தணலு. அதுல நடக்கறது."

"நெருப்பு மேல நடப்பீங்களா?"

"ஆமா, ஊரே நடக்குது. எல்லாரும் எறங்கி முடிச்சு ஆடு மாட்டையும் எறக்குவாங்க."

"ஒரு நிமிடம் லைன்ல இருங்க மேடம்." அந்த ஒரு நிமிசம் 11 நிமிசம் ஓடுச்சு. வீணை சத்தம் கேட்டுக்கிட்டே அம்மா அரைப்படி கடலை உரிச்சு முடிச்சுட்டாங்க. திரும்பி வந்தவன் கேட்டான், "மேடம், இதைத் தொழில்முறையாகச் செய்வீங்களா, பொழுதுபோக்காகச் செய்வீங்களா?"

"வேண்டுதலைங் சாமி."

அவன் ஃபார்ம்ல வேண்டுதலைக்குக் கட்டம் இல்லை போல. "சர்க்கரை நோய் இருக்குன்னு சொன்னீங்களே, காலில் புண் ஏதும்?" "பண்ணாரிக்காரி காப்பாத்துவா, ஒண்ணும் ஆவாது." பண்ணாரிக்காரி போட்டிருக்கற பாலிசிக்கு நிபந்தனையே கிடையாதுங்க. இவங்க பாலிசிக்கு 43 பக்கம்.

அதுக்கப்பறம் மூணு மாசச் சராசரி சுகர் டெஸ்ட் எடு, ஈசிஜி எடு, எல்லாம் நம்ம செலவு. எல்லாம் பார்த்துட்டு 9,000 சொச்சம்னு சொன்ன பிரீமியத்தை 21,000 ஆக்கிட்டாங்க. சுகருக்கும் சேர்த்துத்தானே ஏத்தறாங்க, சரி போகட்டும்னு கட்டினேன். பேப்பர் வந்துச்சு. ஈரோட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

சுகர் எறங்கி மயக்கம் வந்தா?

"அது ப்ரீ எக்ஸிஸ்டிங், ஏற்கெனவே இருக்கற சீக்கு, வராதுங்க."

பிரசர் ஏறி ஆஸ்பத்திரியில சேர்த்தா?

"உசுருக்கு ஆபத்துன்னா வருமுங்க. அதுவும் ஆபத்து நீங்கற வரைக்கும்."

நீங்கினதுக்கப்பறம்?

"அது உங்க செலவுங்க."

ஆபத்து இருக்குதா இல்லையான்னு யாரு சொல்லுவா?

"கம்பெனி பார்த்துச் சொல்லுமுங்க."

அப்ப எதுக்குத்தான்யா பணம் வரும்னேன். நல்லா யோசிச்சுட்டு, "பொட்டி தொலைஞ்சா வருமுங்க"ங்கறாரு. பொட்டிக்கு எந்தச் சீக்கும் கிடையாது பாருங்க.

சுகர் இருக்குதுன்னு சொன்னா, அந்தச் சுகருக்குப் பணம் இல்லை. சொல்லாம விட்டா, மறைச்சுட்டீங்கன்னு எதுக்குமே பணம் இல்லை. அட்டையில கொட்டை எழுத்துல 50,000 டாலர். உள்ள போனா, 60 வயசுக்கு மேல ரூம் வாடகைக்கு இவ்வளவுதான், ஆபரேசனுக்கு இவ்வளவுதான்னு சப் லிமிட், முதல் 100 டாலர் நம்ம கையில இருந்து. வாசல்ல தேர்க்கோலம், உள்ள அடுப்பே எரியலைங்கற கதை.

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பார்ப்பாங்க. புடிக்கலைன்னா விட்டுட்டு அக்கட்ட போயிருவாங்க. பல்லையும் பார்த்து, வயசாயிருச்சுன்னு மாட்டுக்காரன்கிட்டயே காசும் வாங்கிட்டுப் போற வேவாரத்தை இங்கதான் பார்க்கறேன். துண்டைப் போட்டு மூடி வெரலைப் புடிச்சு வெலை பேசறதுலகூட, துண்டை எடுத்தா வெவரம் தெரிஞ்சுரும். இவங்க துண்டு 43 பக்கம், அதுவும் இங்கிலீசுல, ராகி சைசு எழுத்துல.

2024ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஏற்கெனவே இருக்கற சீக்குக்குக் காத்திருக்கற காலத்தை 48 மாசத்துல இருந்து 36 மாசமாக் கொறைச்சாங்க. 65 வயசு வரைக்கும் பாலிசி குடுத்தாப் போதும்னு இருந்ததையும் எடுத்துட்டாங்க. நானும் பேப்பரைத் தூக்கிட்டு ஓடிவந்து அம்மாகிட்டப் படிச்சுக் காட்டுன ஆளு. அந்தக் காத்திருப்புக் கணக்கெல்லாம் உள்ளூர் ஆஸ்பத்திரிப் பாலிசிக்குங்க. அம்மா போறதே 90 நாளு. 36 மாசம் காத்திருந்தா பொறக்கப் போற கொழந்தை பள்ளிக்கூடமே போயிரும்.

"கம்பெனிக்காரனையும் நெனைச்சுப் பாரு மாப்ளே, 71 வயசுன்னா அவனுக்கு எவ்வளவு ரிஸ்க்கு"ன்னு மச்சான் ஒருத்தன் நியாயம் பேசறான். நெனைச்சுப் பார்த்தேன். ரிஸ்க்கு அவனுக்குன்னா 21,000 வாங்கட்டும். ரிஸ்க்கு எனக்குன்னா அந்த 21,000 எனக்கு வரோணும். ரிஸ்க்கு எனக்கு, பணம் அவனுக்குன்னா அதுக்குப் பேரு என்ன மச்சான்? மச்சான் இன்னும் பதில் போடலை.

இத்தனையும் அம்மாகிட்டக் கத்திட்டு, காலையில வந்த போனைப் பத்தியும் சொன்னேன். "எனக்குந்தான் வந்துச்சு, அஞ்சை அமுத்திட்டேன்"ங்கறாங்க.

எதுக்கும்மா?

"பாவம் சாமி அந்தப் பையன். சோறு உண்டியான்னு கேட்டனே, கடைசியில சொன்னான். மணி மூணு ஆச்சு, இன்னும் சாப்புடலையாம்."

இதுக்கு மேல நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போடறதுங்க? சிரிச்சுட்டு, கொள்ளும் பருப்புப் பொடியும் கட்டலாம்னு புதுப் பொட்டியை உருட்டினா நாலு சக்கரத்துல ஒண்ணு சுத்தவே மாட்டேங்குது. நேத்துப் பொழுதோட வாங்குனது. கடைக்காரருக்குப் போன் போட்டா, "அது முன்னாடியே அப்படி இருந்திருக்குமுங்க, வாங்கறப்பவே பார்த்திருக்கோணும்"ங்கறாரு.