தெரிந்தவர்கள் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்

"யூட்யூபில் எல்லாமே கிடைக்கிறதே, எதற்கு இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு போய் அந்த ஜாமில் உட்காருகிறீர்கள்?" என்று இங்கே வட கரோலினாவில் இருக்கும் நம் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஜாம் என்றால் வாத்தியம் வாசிக்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கும் கூட்டம். கமெண்டில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதோடு, ஜாம் நடத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் வாசிப்பது ஓல்ட் டைம் இசை. வர்ஜீனியா, வட கரோலினா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி என்று அப்பலாச்சிய மலைப் பக்கத்து ஊர்களில் ரேடியோவும் இசைத்தட்டும் வருவதற்கு முன்பே வீட்டுத் தாழ்வாரத்திலும் நடனத்துக்காகவும் வாசிக்கப்பட்டு வந்த இசை. ஃபிடில், அதாவது வயலின், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களோடு வந்தது. பேஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள் தங்கள் ஊர் வாத்தியங்களை நினைவில் வைத்து, சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டி உருவாக்கியது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்ததுதான் இது. பலரும் இதை ப்ளூகிராஸ் என்ற இன்னொரு இசை வகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ப்ளூகிராஸ் 1940களில் பில் மன்றோ, ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற கலைஞர்கள் காலத்தில் மேடைக்காக உருவானது, அதில் ஒவ்வொருவராக முன்னால் வந்து தன் கைவரிசையைக் காட்டுவார்கள். ஓல்ட் டைமில் தனி ஆவர்த்தனம் கிடையாது. ஃபிடிலும் பேஞ்சோவும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும், கிட்டாரும் பேஸும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மெட்டும் சின்னதுதான். ஏ பகுதி இரண்டு தடவை, பி பகுதி இரண்டு தடவை, ஒரு சுற்று முடிந்தது. வழக்கமாக ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதையே பத்து, பதினைந்து சுற்று விடாமல் வாசிப்பார்கள். ஆடுகிறவர்களுக்காக வாசித்த இசை இல்லையா, ஆட்டம் முடியும்வரை மெட்டு ஓடியாக வேண்டும். ஆட ஆளில்லாத ஜாமிலும் அந்த வழக்கம் அப்படியே நிற்கிறது. நிறுத்த வேண்டும் என்றால் மெட்டை ஆரம்பித்தவர் ஒரு காலைத் தூக்குவார். எல்லாருக்கும் புரிந்துவிடும், இதுதான் கடைசிச் சுற்று.

புதிதாக வருகிறவருக்கு இந்தப் பத்துப் பதினைந்து சுற்றும் ஒரு முழு வகுப்பு. முதல் சுற்றில் சும்மா கேட்டுக்கொண்டு, மெட்டு எந்தச் சுரத்தில் வந்து உட்காருகிறது என்று பிடிக்க வேண்டும். அப்புறம் கிட்டார்காரருடைய இடது கையைப் பார்த்தால் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) எங்கே மாறுகிறது என்று தெரிந்துவிடும். நாலாவது ஐந்தாவது சுற்றில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரமாவது கையில் வரும். எட்டாவது சுற்றுக்குள் மெட்டின் எலும்புக்கூடு வந்துவிடும், நடுவில் இருக்கும் குட்டிக் குட்டிச் சுரங்கள் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, தாளம் விடாமல் வலது கை ஓடினால் போதும். தவறாக ஒரு சுரம் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அடுத்த சுற்று வந்துகொண்டே இருக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்பதில் இந்த ஓட்டம் இல்லை. அங்கே தப்பு வந்தவுடன் கை நின்றுவிடுகிறது, அந்தப் பழக்கமே பிறகு பெரிய தடையாகிறது.

இதனால் வொர்க்‌ஷாப் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பேஞ்சோவின் கிளாஹாமர் முறையை நேரில் ஒருவர் கையைப் பார்க்காமல் கற்பது ரொம்பக் கஷ்டம். விரல்களை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நகத்தால் கம்பியை மேலிருந்து கீழாகத் தட்ட வேண்டும். மீட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, தட்ட வேண்டும். தட்டும்போதே கட்டை விரல் ஐந்தாவது குட்டைக் கம்பியில் வந்து உட்கார்ந்து காத்திருக்கும், கை மேலே எழும்பும்போது அதுவாகவே அந்தக் கம்பியை ஒலிக்கச் செய்துவிட்டுக் கிளம்பும். நல்ல ஆசிரியர் நம் மணிக்கட்டைப் பார்த்த உடனே "இறுக்கமாக இருக்கிறது, தளர விடுங்கள்" என்று சொல்லிவிடுவார். மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து குழம்புவது அந்த ஒரு வார்த்தையில் சரியாகும். ஆஷ்வில் பக்கத்தில் வாரன் வில்சன் கல்லூரியில் நடக்கும் ஸ்வானனோவா கேதரிங் என்ற இசை வொர்க்‌ஷாப்பில் ஓல்ட் டைமுக்கென்றே ஒரு வாரம் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸில் அகஸ்டா மையம் 1973 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. காசு செலவாகும்தான், ஆனால் முடிந்தவர்கள் ஒரு தடவையாவது போய் வரலாம்.

என் வருத்தம் வேறு. வொர்க்‌ஷாப்பில் பத்து மெட்டு கற்று, எழுதிய தாளையும் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர் அடுத்து எங்கே போவார்? ஊரில் இருக்கும் ஜாமுக்குத்தான் வர வேண்டும். வருகிறார். வந்து பார்த்தால் நன்றாக வாசிக்கும் ஏழெட்டு பேர் முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், வேகம் தலைதெறிக்கிறது, ஒரு மெட்டு முடிந்ததும் பேர் கூடச் சொல்லாமல் அடுத்தது தொடங்கிவிடுகிறது. இவர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேஞ்சோவை உறையிலிருந்து எடுக்காமலே கிளம்பிப் போகிறார். மறுபடி வருவதில்லை. இதை என் கண்ணால் பல தடவை பார்த்துவிட்டேன். யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி உள்ளே வாங்க என்றும் ஒருவர்கூடச் சொல்லவில்லையே.

இந்த இசை நம் கைக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும். டாமி ஜாரெல் என்று ஒருவர் இருந்தார், 1901இல் பிறந்தவர், வட கரோலினாவின் ரவுண்ட் பீக் பக்கத்துக்காரர். நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்படுத்தும் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு 1960களிலும் 70களிலும் எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் ஃபிடிலைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். முன்பின் தெரியாதவர்கள். அவர் உள்ளே கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, ராத்திரி தங்க வைத்து, முகம் பார்த்து உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். 1985இல் அவர் இறந்துபோனார். இன்றைக்கு உலகம் முழுக்க ஓல்ட் டைம் வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர் கையில் அவருடைய பாடாந்தரம் இருக்கிறது. அவர் கதவைச் சாத்தியிருந்தால் இதில் பாதி நமக்கு வந்திருக்காது.

ஜோ தாம்ப்சன் விஷயம் இன்னும் முக்கியமானது. வட கரோலினாவின் மெபேன் பக்கத்தில் வாழ்ந்த கறுப்பின ஃபிடில் கலைஞர், மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கறுப்பினக் குடும்பங்களில் இந்த இசை கிட்டத்தட்ட நின்றுபோயிருந்த காலத்தில் அவரும் பேஞ்சோ வாசித்த அவருடைய உறவினர் ஓடெல் தாம்ப்சனும் தங்கள் குடும்ப வழி மெட்டுகளை விடாமல் வைத்திருந்தார்கள். 2005இல் பூன் நகரில் கறுப்பின பேஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அங்கே சந்தித்த ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் ஜோ தாம்ப்சன் வீட்டுக்கே போய் அவரோடு உட்கார்ந்து வாசித்துக் கற்றார்கள். அப்போது அவருக்கு 85 வயதைத் தாண்டிவிட்டது. அப்படி உருவானதுதான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு, 2011இல் கிராமி வாங்கியது. நோட்ஸ் இல்லை, சிலபஸ் இல்லை. பெரியவர் வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டது.

அதனால் ஜாமில் நன்றாக வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். முதல் ஒரு மணி நேரம் மெதுவாக வாசியுங்கள். எல்லாருக்கும் தெரிந்த நாலைந்து மெட்டு போதும், அவற்றையே நிறையச் சுற்று ஓட விடுங்கள். பேஞ்சோக்காரர்கள் சுருதி மாறும்போதெல்லாம் கம்பிகளை மறுபடி கூட்ட வேண்டியிருக்கிறது, ஆகவே டி சுருதி என்றால் கொஞ்ச நேரம் டியிலேயே இருங்கள் (பெரும்பாலான ஜாமில் இந்த ஒன்றை ஒழுங்காகச் செய்கிறார்கள், அதற்கு நன்றி). ஒரு மெட்டு முடிந்ததும் அதன் பெயரையும் யாரிடமிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள், பத்து விநாடிதான் ஆகும், வீட்டுக்குப் போய்ப் பழைய ஒலிப்பதிவைத் தேடிக் கேட்கிறவருக்கு அது பெரிய உதவி. கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து வந்த மெட்டு என்றால் கட்டாயம் சொல்லுங்கள், அந்தப் பெயர்களை எத்தனையோ வருடம் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார்கள்.

வேகமாக வாசிக்கிறவர்களுக்கு இடமே இல்லையா என்று கேட்டால், தாராளமாக இருக்கிறது. ஜூன் மாதம் மவுண்ட் ஏரி, ஆகஸ்டில் 1935 முதல் நடக்கும் கேலக்ஸ், கோடையில் கிளிஃப்டாப் என்று விழாக்கள் இருக்கின்றன. கிளிஃப்டாப் நடக்கும் வாஷிங்டன் கார்வர் முகாமே 1942இல் கறுப்பின இளைஞர்களுக்காகத் திறக்கப்பட்ட இடம். அங்கே கூடாரத்துக்குக் கூடாரம் விடிய விடிய வாசிப்பார்கள், நெருங்கிய நண்பர்கள் நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் வேகத்தில் வாசிக்கும்போது நடுவில் போய் உட்காரக் கூடாதுதான், வெளியே நின்று கேட்டாலே போதும். நான் சொல்வது ஊருக்குள் "எல்லாரும் வரலாம்" என்று போர்டு வைத்து நடக்கும் ஜாமைப் பற்றி. அப்படிப் போர்டு வைத்துவிட்டால் அப்புறம் வந்தவரைக் கவனிக்க வேண்டும்.

புதிதாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேராக வட்டத்துக்குள் போகாமல் முதலில் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்து கேளுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று கிட்டார் இருந்தால் நீங்கள் நாலாவதாக எடுக்காதீர்கள், கார்டுகள் ஒன்றோடொன்று மோதும். கையோடு சுருதி பார்க்கும் கருவி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு முடிந்தவுடன் பேர் என்ன என்று கூச்சப்படாமல் கேளுங்கள், சொல்ல மாட்டேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வயலின் கற்ற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப நன்றாக வரும், காது ஏற்கெனவே பழகியிருக்கிறது, வில்லின் தாளத்தை மட்டும் புதிதாகப் பிடித்தால் போதும்.

ராலே, கேரி பக்கம் இருக்கிற யாருக்காவது வர விருப்பம் இருந்தால் மெசேஜ் செய்யுங்கள், நான் போகிற மெதுவான ஜாமுக்குக் கூட்டிப் போகிறேன். வாத்தியம் வாங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை, என்னிடம் கூடுதலாக ஒரு பேஞ்சோ இருக்கிறது, முதல் சில மாதம் அதையே வைத்துக்கொள்ளலாம்.