ஃப்ளஷை அணைக்காதீர்கள், ஃபைலைத் தயார் செய்யுங்கள்

டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறது என்றதுமே நம்மில் பலர் முதலில் கைவைப்பது பாதுகாப்பில்தான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்றால், ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றம் உறுதியாகும் தருணம்) தரவை உடனே டிஸ்கில் இறக்கச் சொல்லும் ஃப்ளஷ் செட்டிங்கை 1-இலிருந்து 2-க்கு மாற்றுவார்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால் டிஸ்கில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்கையே ஆஃப் செய்துவிடுவார்கள். வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் கரண்ட் போனால் முதலாவதில் கடைசி ஒரு விநாடிக் கமிட்டுகள் காணாமல் போகலாம். இரண்டாவதில் டேட்டாபேஸே சிதையலாம். 'பணம் வந்துவிட்டது' என்று வாடிக்கையாளருக்குச் சொன்ன பிறகு அந்த வரவு இல்லாமல் போவதை நான் ஒருநாளும் வேகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். லினக்ஸில் ஃபைலைத் திறக்கும்போது ஓ_டைரக்ட் என்ற குறியைப் போட்டு எழுதினால் தரவு டிஸ்கில் பத்திரமாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேஷை, அதாவது தற்காலிக நினைவகத்தைத்தான் தாண்டிப் போகிறது. டிஸ்குக்குள்ளேயே ஒரு கேஷ் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் அழியும். எழுதியது நிலைத்துவிட்டது என்ற உறுதி வேண்டுமென்றால் கூடவே, தரவு நிலைத்த பிறகே பதில் தரும் ஓ_டிசிங்க் என்ற குறி வேண்டும், அல்லது எழுதிய பின் எஃப்டேட்டாசிங்க் என்ற அழைப்பு.

நேரம் போவது இங்கேதான். ஒவ்வொரு எழுத்துக்கும் (டிஸ்கில் ஒருமுறை எழுதுவதற்கும்) பின்னால், கேஷில் உள்ளதை இறக்கச் சொல்லி டிஸ்குக்கு ஒரு ஃப்ளஷ் கட்டளை போகும். ஃப்ளஷ் நீங்கள் எழுதிய 4 கேபியோடு நிற்காது. அந்த டிஸ்கின் கேஷில் வேறு புரோகிராம்கள் போட்டு வைத்தது அத்தனையும் இறங்கி முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிவிநாடி ஆகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

2018-இல் வெளியான லினக்ஸ் 4.18-இல் கெர்னல் டெவலப்பர் டேவ் சின்னர் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்த வேலை. 'இந்த ஒரு எழுத்தை மட்டும் நிலையான இடத்தில் வைத்துவிட்டுப் பதில் சொல்' என்று டிஸ்கைக் கேட்க எஃப்யூஏ என்ற குறி உண்டு. எழுத்தோடு அந்தக் குறியையும் அனுப்பிவிட்டால் தனியாக ஃப்ளஷ் தேவையில்லை. ஓ_டைரக்டும் ஓ_டிசிங்கும் சேர்த்து எழுதும்போது கெர்னல் இந்தக் குறியைப் பயன்படுத்தும்படி அவர் செய்தார். ஆனால் அதை எல்லா எழுத்துக்கும் திறந்துவிடவில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட இடத்தின் மேலேயே எழுதும்போது, மெட்டாடேட்டாவில் (ஃபைலின் அளவு, இடம் போன்ற விவரங்கள்) எதுவும் நிலுவை இல்லாதபோது மட்டும்தான் இந்தக் குறுக்குவழி. புது பிளாக் ஒதுக்க வேண்டியிருந்தாலோ ஃபைலின் அளவு வளர்ந்தாலோ அந்த விவர மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னலும் டிஸ்கில் இறங்கியாக வேண்டும்; இல்லாவிட்டால் தரவு டிஸ்கில் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வழி இருக்காது. அந்த எழுத்துகளுக்குப் பழைய பாதையே. முதலில் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு வந்தது, பின்னர் எக்ஸ்ட்4-உம் அதே கட்டமைப்புக்கு மாறியது.

ஆகவே நம் பங்குக்குச் செய்ய வேண்டியது, டேட்டாபேஸ் தன் மாற்றங்களை முதலில் எழுதும் லாக் ஃபைலை முன்கூட்டியே தயார் செய்வது. இடம் ஒதுக்கும் எஃப்அலொகேட் என்ற அழைப்பு மட்டும் போதாது. அது இடத்தைப் பிடித்து 'இன்னும் எழுதப்படவில்லை' என்று குறித்து வைக்கும். முதல் எழுத்து வரும்போது அந்தக் குறியை மாற்ற மீண்டும் ஜர்னல்தான். உண்மையாகவே பூஜ்யங்களை ஒருமுறை எழுதி நிரப்ப வேண்டும். போஸ்ட்கிரஸ் தன் 16 எம்பி லாக் ஃபைல்களைப் பூஜ்யத்தால் நிரப்புவதும், பழையவற்றைத் தூக்கி எறியாமல் மறுபடி பயன்படுத்துவதும் காரணமில்லாமல் இல்லை. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் இந்த உத்தி பலிக்காது. அங்கே மேலெழுதினாலும் தரவு புது இடத்துக்குத்தான் போகும்.

வன்பொருளையும் பாருங்கள். சாட்டா டிஸ்குகளில் லினக்ஸ் எஃப்யூஏவை இயல்பாகப் பயன்படுத்துவதில்லை. எழுதிவிட்டு ஃப்ளஷ் அனுப்பித்தான் சமாளிக்கிறது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் அது நேரடியாகக் கிடைக்கும். கரண்ட் போனாலும் தாங்கும் கெபாசிட்டர் உள்ள சர்வர் எஸ்எஸ்டிகளில் ஃப்ளஷ் ஒரு பொருட்டே அல்ல. பட்ஜெட் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள்.

ஒரு குறிப்பை மட்டும் பின்பற்றாதீர்கள்: கெர்னல் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ரைட் கேஷ் என்ற இடத்தில் 'ரைட் த்ரூ' என்று எழுதிவிட்டால் வேகம் கூடும் என்பது. டிஸ்கின் கேஷ் அதனால் மாறாது. கெர்னல் ஃப்ளஷ் அனுப்புவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். கெர்னல் ஆவணத்திலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது.

மேக்கில் அளந்து பார்த்து மகிழ்கிறவர்களுக்கும் ஒரு சொல். அங்கே வெறும் எஃப்சிங்க் டிஸ்கின் கேஷைக் காலி செய்யச் சொல்வதில்லை. அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். அதனால் விநாடிக்கு இத்தனை கமிட் என்று எண் போடுகிறவர்கள் எந்த டிஸ்க், எந்த ஃபைல் சிஸ்டம், எந்த சிங்க் முறை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அவை இல்லாத எண்ணை நான் பகிர்வதில்லை.