1945-க்குப் பிறகு அணுகுண்டு வெடிக்கவேயில்லையா?

எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம் நண்பர்களின் பக்கங்களில் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. "அணுகுண்டு சும்மா மிரட்டத்தான். ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு யாராவது போட்டார்களா? எண்பது வருஷமாகப் பெட்டிக்குள்தானே கிடக்கிறது?" விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. 1945-க்குப் பிறகு, சோதனை என்ற பெயரில், 2,000 தடவைக்கும் மேல் அணு ஆயுதங்களை வெடித்திருக்கிறார்கள். போர் என்று அறிவித்துவிட்டு வெடிக்கவில்லை என்பதால் அவற்றை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆனால் வெடித்த இடங்களில் ஆட்கள் இருந்தார்கள்.

மார்ஷல் தீவுகளை எடுத்துக்கொள்வோம். பசிபிக் நடுவே, காயலைச் சுற்றி வளையம் வளையமாகக் கிடக்கும் பவளத் திட்டுகள். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிகினித் தீவில் ஜெபம் முடிந்து நின்றவர்களிடம் அமெரிக்க ராணுவ ஆளுநர் பென் வயட் வந்து கேட்டார்: மனித குலத்தின் நன்மைக்காக, போர்களுக்கெல்லாம் முடிவுகட்டுவதற்காக, கொஞ்ச காலம் இந்தத் தீவை விட்டுக்கொடுப்பீர்களா? 167 பேர் கப்பல் ஏறினார்கள். கொண்டுபோய் விட்ட ரோங்கரிக் தீவில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் பட்டினி கிடந்தார்கள். கடைசியில் காயலே இல்லாத கிலி தீவில் குடியேற்றினார்கள். காயலில் மீன்பிடித்து வாழ்ந்த சனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்? 1970-களில் சில குடும்பங்கள் பிகினிக்குத் திரும்பிப் பார்த்தன. அங்கே விளைந்த தேங்காய் வழியாக அவர்கள் உடம்பில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் ஏறியிருப்பது தெரிந்து, 1978-இல் மறுபடியும் வெளியேற்றிவிட்டார்கள்.

1954 மார்ச் 1, விடியற்காலை. பிகினியில் 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்தார்கள். சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்தின் வலிமை) எதிர்பார்த்தார்கள். வந்தது 15 மெகாடன். ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஆயிரம் மடங்கு. குண்டுக்குள் எரிபொருளாக லித்தியம் இருந்தது. அதன் இரண்டு வகைகளில் லித்தியம்-6 மட்டுமே வேலை செய்யும், கூடவே இருக்கும் லித்தியம்-7 பேசாமல் கிடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் வெடிப்பில் பாய்ந்த அதிவேக நியூட்ரான்கள் லித்தியம்-7-ஐயும் உடைத்து, வெடிப்பை இன்னும் பெரிதாக்கும் ட்ரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகையை உண்டாக்கிவிட்டன. உலகத்தின் மிகச் சிறந்த பௌதிக மூளைகள் போட்ட கணக்கு இது. எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நிபுணர்கள் டிவியில் சொல்லும்போது எனக்கு இந்த லித்தியம்-7 தான் ஞாபகத்துக்கு வரும்.

ஹிரோஷிமா குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. பிராவோவைத் தரைமட்டத்தில் வெடித்தார்கள். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. அங்கிருந்த பவளப்பாறை முழுக்கப் பொடியாகி, கதிரியக்கத்தோடு மேலே போய், காற்றோடு கிழக்கே நகர்ந்து, வெள்ளைத் தூளாகக் கொட்டியது. காற்று சாதகமாக இல்லை என்ற தகவல் முந்தைய இரவே வந்திருந்தது. வெடிப்பைத் தள்ளிவைக்கவில்லை.

அந்தத் தூள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் ரோங்கலாப் தீவில் விழுந்தது. அன்று அங்கே 64 பேர் இருந்தார்கள். அது என்னவென்றே தெரியாத பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். குடிநீரிலும் விழுந்தது. அன்று இரவுக்குள் வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு. அப்புறம் தோல் புண்ணாகி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ரோங்கரிக்கில் வானிலை பார்க்க இருந்த 28 அமெரிக்கர்களை மறுநாளே கூட்டிப்போனார்கள். ரோங்கலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது அதற்கும் அடுத்த நாள்.

சில நாட்களிலேயே அவர்களை ஆய்வுப் பொருளாக்கினார்கள். 'புராஜெக்ட் 4.1' என்று அதற்குப் பெயர். கதிரியக்கம் பட்ட இன்னொரு தீவான உடிரிக்கில் மக்கள் வாழ்வதால் நல்ல தரவுகள் கிடைக்கும் என்று 1956-இல் ஒரு கூட்டத்தில் பேசினார் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் மெரில் ஐசன்பட். அவர்கள் நாகரிக மனிதர்களைப் போல வாழ்வதில்லைதான், ஆனாலும் எலிகளைவிட நமக்கு நெருக்கமானவர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். 1957-இல் ரோங்கலாப் மக்களையும் ஊர் திரும்பச் சொன்னார்கள். அன்று தூளில் விளையாடிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தைராய்டில் கட்டிகள் வந்தன. உருவமே இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி அந்தப் பெண்கள் சொல்லியிருப்பதை என்னால் இங்கே எழுத முடியவில்லை. 1985-இல் அவர்களே முடிவெடுத்து, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பலில் ஏறி ஊரைக் காலி செய்தார்கள்.

இது ஒரே ஒரு குண்டின் கதை. 1946 முதல் 1958 வரை அந்தத் தீவுகளில் 67 வெடிப்புகள். மொத்த வலிமையைப் பங்கு போட்டால், 12 வருஷமும் தினம் ஒன்றரை ஹிரோஷிமாவுக்கு மேல் வருகிறது. நஷ்டஈட்டுக்கென்று அமைத்த தீர்ப்பாயம் 200 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. ஒதுக்கிய நிதியோ 15 கோடி டாலர். சரி, விடுங்கள்.

அன்று அந்தத் தூள் ஒரு ஜப்பானிய சூரை மீன்பிடிக் கப்பலின் மேலும் விழுந்தது. கப்பலில் 23 பேர். ரேடியோ ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா அந்த செப்டம்பரிலேயே இறந்துபோனார். உலகம் கொதித்ததே இந்தக் கப்பல் வந்து சேர்ந்த பிறகுதான். பிராவோ வெடித்து ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, நேரு மக்களவையில் எழுந்து சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்றார். நேருவை ஆயிரம் விஷயத்துக்குத் திட்டலாம். இதில் அவர் நின்ற இடம் சரியான இடம்.

அறுபது வருஷம் கழித்து, 2014-இல், அதே மார்ஷல் தீவுகள் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் சர்வதேச நீதிமன்றம் போயின. கேட்டது காசு இல்லை. ஆயுதக் குறைப்புப் பேச்சை உருப்படியாகத் தொடங்குங்கள் என்பதுதான். வழக்கை முன்னின்று நடத்திய அன்றைய மார்ஷல் தீவுகளின் வெளியுறவு அமைச்சர் டோனி டிபிரம், ஒன்பது வயதில் தாத்தாவோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது பிராவோவின் வெளிச்சத்தைப் பார்த்தவர். பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் மீதான மூன்று வழக்குகள்தான் விசாரணை வரை வந்தன. இந்த நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை என்று இந்தியா வாதாடியது. 2016-இல் 9-க்கு 7 என்ற கணக்கில் இந்தியா மீதான வழக்கு தள்ளுபடி. மார்ஷல் தீவுகளுக்கும் நமக்கும் நடுவே 'தகராறு' என்று ஒன்றே இல்லையாம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நாம் ஜெயித்த அந்த வழக்கைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. 2025 அக்டோபரில் டிரம்ப் சோதனைகளைத் தொடங்கச் சொன்னார். இங்கேயும் அந்தக் குரல் உண்டு. 1998-இல் பொக்ரானில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு முழு வலிமையோடு வெடிக்கவில்லை என்று அந்தச் சோதனையில் பங்கெடுத்த விஞ்ஞானி கே. சந்தானம் 2009-இல் சொன்னார், அரசு மறுத்தது. அன்றிலிருந்து "இன்னொரு தடவை வெடித்துப் பார்த்துவிடலாமே" என்பவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். பூமிக்கு அடியில்தானே என்கிறார்கள். நாம் வெடித்தால் பாகிஸ்தானும் வெடிக்கும், சீனாவும் வெடிக்கும். 1998 மே மாதத்தில் பாகிஸ்தான் பதிலுக்கு வெடிக்க மூன்று வாரம்கூட ஆகவில்லை.

1998-க்குப் பிறகு நாம் எதையும் வெடிக்கவில்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அது நாமாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, எந்த அரசு வேண்டுமானாலும் கைவிடலாம். எந்த அணுகுண்டுச் சோதனையும் கூடாது என்னும் முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்தில் (CTBT) இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. அமெரிக்கா கையெழுத்துப் போட்டும் உறுதிசெய்யவில்லை, சீனாவும் அப்படியே, ரஷ்யா உறுதிசெய்ததை 2023-இல் திரும்பப் பெற்றுவிட்டது, நாம் மட்டும் ஏன் போட வேண்டும் என்று கமென்டில் கேட்பீர்கள். 1954-இல் நேரு கேட்டபோதும் யாரும் முன்வரவில்லை. அவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல்தான் கேட்டார். இந்தியா கையெழுத்துப் போட வேண்டும் என்பதே என் கருத்து.