ஓர் எழுத்துதானே சார்!

"ஓர் எழுத்துதானே சார், விடுங்கள்."

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னிடம் சொன்னது இது. (அவர் 'ஒரு எழுத்து' என்றுதான் சொன்னார். 'ஓர்' என்று திருத்தியது நான். கும்பகோணத்தில் முப்பது வருடம் அச்சகத்தில் புரூப் பார்த்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.) அன்றைக்கு நான் விட்டுவிட்டேன். விட்டது தப்பு.

சித்தப்பா காலமான பிறகு அவருடைய ஐந்து மா நிலத்தைச் சித்தி பெயருக்கு மாற்றினோம். மூன்று மா ஓர் ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஆக, இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லாத நிலம். சித்தியின் பெயர் வள்ளியம்மை. பட்டாவில் அச்சாகி வந்த பெயர் வல்லியம்மை. வல்லி என்றால் கொடி. பெண் குழந்தைக்கு வைக்க அழகான பெயர்தான். ஆனால் எழுபது வருடங்களுக்கு முன் சித்திக்கு வைத்த பெயர் அது இல்லையே! அதைத்தான் நான் சுட்டிக்காட்டினேன். "அதெல்லாம் புரியும் சார், ஓர் எழுத்துதானே" என்றார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ள், ளி. இரண்டு எழுத்து. பிழையின் எண்ணிக்கையிலும் பிழை.

போன தை மாதம் சம்பா அறுப்பு முடிந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். கொடுத்தோம். ஆதாரில் ளகரம், சிட்டாவில் லகரம். "பெயர் பொருந்தவில்லை, திருத்திக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். நான் அந்தப் பழைய வாக்கியத்தையே எடுத்து வீசினேன். ஓர் எழுத்துதானே? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓர் எழுத்து மாறினால் ஆளே வேறு சார்."

அவர்கள் எழுதும்போது, ஓர் எழுத்துதானே. நாம் கொண்டுபோய் நீட்டும்போது, ஓர் எழுத்து மாறுகிறதே. பிழையில்லாமல் எழுதுவது முக்கியமா, கருத்து புரிந்தால் போதாதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கட்டும்.

திருத்துவதற்குச் சித்தி ஏழு முறை அலைந்தார். நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, என்ன செலவாகிவிட்டது என்று கேட்டார் ஒரு புண்ணியவான். பஸ்ஸுக்கு டிக்கெட் இல்லை, சரி. முழங்கால் வலிக்கு? அதற்குள் நெல் களத்தில் கிடந்தது. ராத்திரிப் பனிக்குத் தார்ப்பாயை மூடுவதும், காலையில் விலக்கிக் காய வைப்பதுமாகப் பத்து நாள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை வாங்கமாட்டேன் என்று கருவி வைத்து அளக்கிறார்கள். நெல்லை அளப்பதில் இருக்கும் இந்தக் கறார், ஒரு மனுஷியின் பெயரைத் தட்டச்சு செய்வதில் எங்கே போயிற்று? கடைசியில் வியாபாரிக்கு, மூட்டைக்கு இருநூறு ரூபாய் குறைத்துப் போட்டோம்.

அந்த நிலையத்து வாசலில் சாக்பீஸால் எழுதிய கரும்பலகை ஒன்று இருந்தது. 'இன்று கொல்முதல் கிடையாது.' கொள்ளுதல் என்றால் வாங்குதல். கொல்லுதல் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களைப்போலவே நெல்லைக் காத்துக்கொண்டு கிடந்த பெரியவர் ஒருவர் பலகையை நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இன்றைக்குக் கொல்லமாட்டார்களாம், வீட்டுக்குப் போகலாம் வாருங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். வயிற்றெரிச்சலில் வருகிற சிரிப்பு.

என் கோபம் யார்மேல் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் தள்ளுவண்டி கொண்டு வருபவர் சிலேட்டில் 'வாளைக்காய்' என்று எழுதியிருந்தார். வாளை ஒரு மீன், அது காய்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வாழையை வாளை என்றுதான் சொல்கிறோம். அவர் வாயில் வருவதைக் கை எழுதியிருக்கிறது. காய் பிஞ்சாக இருந்தது, அரை டஜன் வாங்கிக்கொண்டேன். அந்த எழுத்தால் யாருக்கும் ஒரு சல்லி நஷ்டமில்லை.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் கதை வேறு. எங்கள் தெருமுனையில் செத்துப்போனவர் ஒருவரின் படத்தைப் போட்டு, பத்தடிக்கு எட்டடி பேனரில், 'கண்ணீர் அஞ்சளி'. படத்தில் அந்த மனிதர் நல்ல வேளையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கடந்து போகும்போதெல்லாம் எனக்குத் துக்கம் வரவில்லை, சளிதான் நினைவுக்கு வருகிறது. அடியில் வைத்தவர்கள் பெயர்: நற்பணி மண்றம்.

மண்றம்! மூன்று சுழி, இரண்டு சுழி என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அந்த எழுத்துகளின் பெயரிலேயே விதி இருக்கிறது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ணகர ஒற்றுக்குப் பக்கத்தில் டகரம் வரும்: வண்டி, நண்டு. னகர ஒற்றுக்குப் பக்கத்தில் றகரம்: கன்று, மன்றம். நகர ஒற்றுக்குப் பக்கத்தில் தகரம்: பந்து, சந்தை. அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். 'மண்றம்' என்று தமிழில் ஒரு சொல் அமையவே முடியாது. ஆனால் பேனராக அமைந்துவிடுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று காசும் வாங்கியாகிவிடுகிறது. எழுத்துக்குப் பொறுப்பு? "அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே போட்டோம்." அனுப்பியவரைக் கேட்டால், "போனில் அடித்தபோது அப்படித்தான் வந்தது."

இது முழுப் பொய் இல்லை என்பதுதான் வேதனை. நாங்கள் அச்சுக்கோத்த காலத்தில் (கோர்த்த இல்லை, கோத்த) லகரத்துக்கு ஓர் அறை, ளகரத்துக்கு ஓர் அறை. ஈய எழுத்தை எடுக்கக் கை போகும் இடமே வேறு. இப்போது ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால், போனே ஒரு தமிழ்ச் சொல்லைத் தூக்கி முன்னால் வைக்கிறது. லகரமும் ளகரமும் விரலுக்கு ஒன்றாகிவிட்டன. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை கொண்ட தமிழ் 99 விசைப்பலகை 1999இலேயே வந்துவிட்டது. இத்தனை வருடங்களாக அது இருக்கிறது, நாமும் இருக்கிறோம். வாயில் ரகர றகர வித்தியாசம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. எழுத்தில்தான் அதைப் பிடித்து வைத்திருந்தோம். அந்தப் பிடியும் தளர்ந்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னால் என் தங்கை மகன் சிரிக்கிறான். படித்த பிள்ளை. "மாமா, பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று உங்கள் நன்னூலே சொல்கிறது" என்றான். எல்லோரும் அந்த அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த அடியில் 'கால வகையினானே' என்று இருக்கிறது. காலத்தின் வகையால் கழிந்தால் எனக்குச் சம்மதம். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கழிந்தால்?

அவன் விடவில்லை. "தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனே 'நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்றுதானே வெட்டச் சொன்னான்? 'கொடுத்தன' என்று நீங்கள் போய்த் திருத்துவீர்களா?"

நல்ல கேள்வி. திருத்தமாட்டேன். பேச்சு கல்லில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் அதே கோயில் சுவரில் இன்னொன்றும் வெட்டியிருக்கிறார்கள். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிர், 400 பேர். ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்கத்து வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் வரிசையாக இருக்கின்றன. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பெயரும் வீடும் சரியாக இருந்தால்தான் நெல் போய்ச் சேரும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பு உளி பிடித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. 'குடுத்தன' என்று எழுதினார்கள், குடுத்தார்கள். இங்கே 'வழங்கப்படும்' என்று ஒற்றுப் பிசகாமல் எழுதிவிட்டு, வாங்க வேண்டியவள் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காபி கேட்டான்.

இன்னொன்றும் சொன்னேன் அவனுக்கு. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். கால் (ா) போட்டிருக்கிறதா, ரகரம் (ர) எழுதியிருக்கிறதா என்று தெரியாது. எகர ஏகாரம் ஒரே மாதிரி இருக்கும். உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அந்த ஓலைகளோடு மல்லுக்கட்டிச் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது 1887 ஆகிவிட்டது. எழுதியவன் மிச்சம் பிடித்த புள்ளியை, வாசிக்கிறவன் தன் கண்ணைக் கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. ஓலை கிழியும் என்று அவனுக்காவது ஒரு காரணம் இருந்தது. விசைப்பலகை கிழியுமா?

நான் ஒன்றும் சுத்தமானவன் இல்லை. எங்கள் அச்சகத்தில் எத்தனை கல்யாணப் பத்திரிகைகள்! அத்தனையிலும் 'திருவளர்ச்செல்வி' என்று ஒரு ச் போட்டே அடித்திருக்கிறோம். அது வினைத்தொகை, ஒற்று மிகாது, 'திருவளர்செல்வி'தான் சரி. தெரிந்த பிறகும், பெண் வீட்டார் "ச் விட்டுப்போயிற்றே" என்று சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து போட்டேன். 'வாழ்த்துகள்' என்பதா, 'வாழ்த்துக்கள்' என்பதா என்று நண்பர் ஒருவரோடு ஆறு மாதம் பேசாமல்கூட இருந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த ச் இருந்ததால் எந்தக் கல்யாணமும் நிற்கவில்லை. எந்தக் களத்திலும் நெல் பனியில் நனையவில்லை. ஒற்றுக்குச் சண்டை போட்ட நேரத்தில் பட்டாவைப் பார்த்திருக்கலாம்.

சித்தி பள்ளிக்கூடம் போனதில்லை. அறிவொளி வகுப்புகள் நடந்த காலத்தில், வயல் வேலை முடிந்து வந்து கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டார். மனுவின் அடியில் கையெழுத்துப் போட ஒரு முழு நிமிடம் எடுத்துக்கொள்வார். பேனாவை அழுத்திப் பிடித்து, வகரத்தை முடித்து, ளகரத்தின் சுழியைக் கோலம் போடுவதுபோலச் சுற்றி, மேலே புள்ளி வைத்து, அடுத்த ளிக்கு மறுபடியும் சுற்றி. ஏழு மனுக்களிலும் வள்ளியம்மை என்றே இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து அடித்திருந்தாலே போதும்.

போன வாரம் திருத்திய பட்டா வந்தது. சித்தி அதை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். "பார் தம்பி, சரியாக இருக்கிறதா?" பெயர் வள்ளியம்மை. சரியாக இருந்தது. அப்பாடா என்று கண்ணாடியைக் கழற்றப் போனவன், பழக்கதோஷத்தில் பக்கத்திலும் பார்த்துத் தொலைத்தேன். சித்தப்பா பெயர் கணேசன். கணவர் பெயர் என்ற இடத்தில் கனேசன் என்று இருந்தது.

"ஓர் எழுத்துதானே?" என்று கேட்டார் சித்தி. கிண்டலா, பயமா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மனு நாள். ஏழரை மணி பஸ்ஸுக்கு நிற்கச் சொல்லியிருக்கிறார்.