நாபோத்தின் தோட்டத்தை ஏன் தாண்டிப் போகிறோம்?

நம் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில், வேதத்தில் வரும் ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேல் என்று சொன்னாலே கண்மையும் உதட்டுச் சாயமும்தான் நினைவுக்கு வரும். மலேசியாவின் பினாங்குத் தீவிலும் சரி, பட்டர்வொர்த்திலும் சரி, உபவாசக் கூட்டங்களில் 'யேசபேலின் ஆவி' பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. தோடு போட்டுக்கொண்டு வந்த இளம்பெண்கள் நெளிவார்கள். பின்வரிசை அம்மாக்கள் உரக்க ஆமென் சொல்வார்கள். அவள் கண்ணுக்கு மையிட்ட செய்தி 2 இராஜாக்கள் 9-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனம், அதுவும் சாகப்போகிற நேரத்தில். அவள் செய்த குற்றமோ 1 இராஜாக்கள் 21-இல் முழு அதிகாரமாகக் கிடக்கிறது. அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்க நம்மவர்கள் அதிகம் துணிவதில்லை. துணிந்த ஓரிருவரும் "இரட்சிப்பின் சுதந்தரத்தை (வாரிசுச் சொத்தை) உலகத்துக்கு விற்றுவிடாதே" என்று முடித்துக்கொண்டார்கள்.

வேதத்தில் இருப்பது நிலத் தகராறு. இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் ராஜாவுக்கு அரண்மனைக்குப் பக்கத்தில் கீரைக்கொல்லை போட வேண்டும். அங்கே திராட்சத்தோட்டம் வைத்திருந்த நாபோத்திடம் நல்ல விலை பேசுகிறான். பணம் வேண்டாமென்றால் இதைவிட நல்ல தோட்டம் மாற்றாகத் தருகிறேன் என்கிறான். ஆக, இழப்பீடும் மாற்று நிலமும் அன்றே பேசப்பட்டிருக்கின்றன! நாபோத் மறுக்கிறான். விலை போதாமல் மறுக்கவில்லை. தகப்பன்மார் வழி வந்த நிலத்தைக் கைமாற்ற எனக்கே உரிமை இல்லை என்று நினைக்கிறான். லேவியராகமம் 25 அதைத்தான் சொல்கிறது: நிலம் கர்த்தருடையது, அதை அறுதியாக விற்கக் கூடாது. ராஜா என்ன செய்கிறார்? முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிட மாட்டேன் என்று கட்டிலில் படுத்துவிடுகிறார்.

இனி யேசபேல் செய்வதை நிதானமாக வாசியுங்கள். அவள் வாளைத் தொடவில்லை. ஆகாபின் பெயரில் நிருபம் எழுதுகிறாள், அவனுடைய முத்திரையைப் போடுகிறாள், நாபோத்தின் ஊர் மூப்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் அனுப்புகிறாள். மோசேயின் நியாயப்பிரமாணம் கேட்கிறபடியே இரண்டு சாட்சிகள். ஜனங்களுக்கு முன்பாக விசாரணை. கோப்பைப் புரட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. என்னைத் தூங்கவிடாதது அந்த நிருபத்தில் இருக்கும் இன்னொரு கட்டளை: உபவாசம் கூறுங்கள். ஊரே உபவாசித்துக் கூடியிருக்கும்போதுதான் ஒரு குடியானவன்மேல் பழி சுமத்திக் கல்லெறிந்து கொன்றார்கள். ஒரு மூப்பராவது எழுந்து வாய் திறந்ததாக வேதம் சொல்லவில்லை. 2 இராஜாக்கள் 9:26-ஐயும் பாருங்கள், நாபோத்தின் குமாரருடைய இரத்தமும் சிந்தப்பட்டிருக்கிறது. வாரிசு இல்லாமல் துடைத்துவிட்டார்கள்.

பினாங்கில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவனுக்குக் குளுகோர் நினைவுக்கு வராமல் போகுமா? கம்போங் புவா பாலா, தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்த தமிழர் குடியிருப்பு. வெளியேற்றத்தை எதிர்த்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. புவா பாலாவை நாபோத்தின் ஊரான யெஸ்ரயேல் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே யாரும் கல்லெறியப்படவில்லை, இழப்பீட்டு வீடுகளும் பேசப்பட்டன. எந்தக் கட்சியின் தவறு என்று என்னிடம் கேட்க வேண்டாம். நில விவகாரம் ஒரு கூட்டணி ஆண்டபோது தொடங்கி இன்னொரு கூட்டணி வந்தபிறகு முடிந்தது, இருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். என் கேள்வி சபையைப் பற்றியது. கடிதமும் முத்திரையும் ஒழுங்காக இருக்கும்போதே அநியாயம் நடக்கக்கூடும் என்று நம் வேதம் ஓர் அதிகாரம் முழுக்க எச்சரித்திருக்க, நம் பிரசங்க மேடைகள் கண்மையிலேயே நின்றுவிட்டது ஏன்?

"புவா பாலாக்காரர்கள் இந்துக்கள்தானே பாஸ்டர்" என்பார்கள். பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசி எலியாவுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த விதவை எந்த ஊர்? இஸ்ரவேலுக்கு வெளியே, சீதோனைச் சேர்ந்த சாறிபாத். யேசபேலும் சீதோன் ராஜாவின் மகள்தான்.

இத்தனைக்கும் நம் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாபோத்தை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. பெரிய ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, வேலையும் கூரையும் ஒரே நாளில் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டி, தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்த வேதனையிலிருந்துதான். ஒரு பாட்டியிடம் "உங்கள் தோட்டம் கைமாறிய கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு இந்த அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.

சக ஊழியர்களின் பயம் எனக்குத் தெரியாததல்ல. கடைவீட்டு மாடியில் ஆராதனை நடத்துகிறவருக்கு நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். அதனால் ரோமர் 13-ஐப் பிடித்துக்கொள்கிறோம்: மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படி. சரி, கீழ்ப்படிவோம். ஆனால் அதை எழுதிய பவுல் பிலிப்பி பட்டணத்தில் என்ன செய்தார்? விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் மறுநாள் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது, நாங்கள் ரோமக் குடிமக்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16). அவர்களும் பயந்துபோய் வந்தார்கள். ரோமர் 13 வாசிக்கப்படும் ஞாயிறுகளில் இதையும் சேர்த்து வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

மேடையைக் கட்சிக்குக் கொடுப்பது வேறு. கிறிஸ்துமஸ் வந்தால் பரிசுக்கூடையோடு வந்து நின்று, 'இரண்டு வார்த்தை' என்று மைக்கை வாங்கி அரைமணி நேரம் செராமா (அரசியல் சொற்பொழிவு) நடத்தும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. நாபோத்தின் கொலைக்காகக் கண்டிக்க ஆகாபிடம் எலியா போனார்; ஆகாபை அழைத்து வந்து மாலை போடவில்லை.

அடுத்த மாதம் எங்கள் சபையில் 1 இராஜாக்கள் 21-ஐத்தான் தொடராக எடுக்கப் போகிறேன். அரசியல்வாதிகள் தாராளமாக வரலாம். மேடையில் நாற்காலி போட மாட்டோம். விசுவாசிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். ஆராதனை முடிந்ததும் கீழே தேநீரும் பொரித்த மீகூனும் உண்டு, அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்.