ஓவிய பீரியட்தானே, யார் எடுத்தால் என்ன?

"ஓவிய பீரியட்தானே மிஸ், சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும்." இதைச் சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். நான் படித்தது இயற்பியல். அட்டவணையில் ஒரு பீரியட் காலியாக இருந்தது, நானும் காலியாக இருந்தேன். அவ்வளவுதான் தகுதி. இதே போல ஓர் ஓவிய ஆசிரியரிடம் "இயற்பியல்தானே, நீங்களே எடுங்கள்" என்று சொல்லிப் பார்க்கட்டும், பள்ளியே ரெண்டாகிவிடும்.

சும்மா உட்கார விட்டால்தானே! சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிள்ளைகள் கலக்கினால் வருவதோ சேற்று நிறம். "ஏன் மிஸ் வரல?" ஒளிப் பாடம் நடத்துகிறவள்தான், ஆனால் பெயின்ட் வேறு கதை. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது: பெட்டியில் இருப்பது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு, அந்த மஞ்சள் வாடைதான் ஊதாவைக் கெடுக்கிறது. மெஜந்தாப் பக்கம் சாய்ந்த சிவப்பு வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு நாள் பயிற்சி கூடவா வைக்க முடியாது? வாட்டர்கலருக்கென்று வாங்கிக் கொடுத்த நோட்டும் அப்படித்தான், ஈரம் பட்டதும் தாள் அப்பளமாக நெளிகிறது.

அதைக்கூடப் பொறுக்கலாம். ஒரு சின்னப் பிள்ளை தாளின் மேல் ஓரத்தில் நீலப்பட்டை, கீழே பச்சைக்கோடு, நடுவில் வெள்ளையாக விட்டிருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர், "வானத்தைக் கீழே வரைக்கும் பூசச் சொல்லுங்க, அரைகுறையாக இருக்கு" என்றார். பிள்ளையைக் கேட்டேன். "நடுவுல காத்து மிஸ்." ஏழு முதல் ஒன்பது வயதில் இப்படி வரைவது இயல்பு என்று பிள்ளைகளின் ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே எழுதிவிட்டார். அது குறை இல்லை, வளர்ச்சி. ஆனால் மதிப்பெண் தாளில் 'முழுமை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன போடுவது?

இதற்கடுத்த வயதுதான் இன்னும் மோசம். நிஜம் போல வரவில்லை என்று பிள்ளைகளுக்கே தெரியத் தொடங்கும், "எனக்கு வரைய வராது" என்று நோட்டை மூடிவிடுவார்கள். விஷயம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் இருப்பது நான்!

இப்போது கண்காட்சி வேறு. எல்லாரும் ரெண்டு மலை, நடுவில் சூரியன், அச்சு மாதிரி வரைய வேண்டுமாம். அச்சு மாதிரிதான் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள் சாமி, பிள்ளைகளையும் என்னையும் விடுங்கள்.