அந்தத் தாயிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?

பழைய கொலை வழக்குகளைப் பற்றி நீங்கள் எழுதுகிற ஞாயிற்றுக்கிழமைத் தொடரின் மூன்றாம் பகுதியும் வந்திட்டுது. இந்தமுறை கொலையுண்ட பிள்ளையின் வீட்டுப் படலை, ஒழுங்கை முகப்பு, வாசலில் நிற்கிற தாய், எல்லாம் படமாக. பெயரை மாற்றியிருக்கிறீர்களாம். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கையைக் காட்டினாலே ஆற்றை வீடெண்டு சனம் சொல்லிவிடும். பிறகு பெயரை மறைச்சு என்ன?

"எல்லாம் தீர்ப்பிலை இருக்குத்தானே" என்கிறீர்கள். தீர்ப்பில் காயங்களை விவரித்தது குற்றத்தை நிறுவ. உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்காக இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றம், 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து. சட்டத்தை விடுங்கோ. அந்தத் தாயிட்டைக் கேட்டனீங்களோ?

நானும் பழைய வழக்குகளை எழுதுகிறவன்தான். தீவுப்பகுதிக் கொலை ஒன்றுக்காகக் கொல்லப்பட்டவரின் அண்ணரிடம் போனேன். தேத்தண்ணி தந்து, மனந்திறந்து கதைத்தார். நான் எழும்பேக்கை கேட்டார்: "தம்பி, இது வெளியிலை வந்தா என்ரை மகளின்ரை கலியாணப் பேச்சு குழம்புமோ?" கொலை நடந்தபோது அந்த மகள் பிறக்கவேயில்லை. வழக்கேட்டில் எந்த மூலையிலும் அவள் இல்லை. ஆனால் நான் எழுதினால் விழுகிறது அவள் தலையில். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றதையெல்லாம் வெட்டினேன். கட்டுரை மெலிந்துதான் போனது. மெலியட்டும்.

இப்படிச் சொன்னால் உடனே அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியை இழுத்து வருகினம். 1959இல் கன்சாஸில் நடந்த கொலையை எழுதியவர், கொலைகாரர் இருவரும் 1965இல் தூக்கிலேறும்வரை தன் புத்தகத்தின் முடிவுக்காகக் காத்திருந்தார். பழகிக் கதைத்த மனிசரின் சாவுக்காகக் காத்திருப்பதோ எங்களுக்கு முன்மாதிரி?

"அப்ப செம்மணியையும் எழுதக்கூடாதோ?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாசித்ததும் நெஞ்சு பதறினது. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் 1999இல் 15 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். 2025இல் திரும்பத் தோண்டியபோது 200க்கும் மேல், குழந்தைகள் உட்பட. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு வீதியில் இருந்து, எழுதுங்கோ, உலகத்துக்குச் சொல்லுங்கோ என்று வருசக்கணக்காகக் கேட்கினம். அதை எழுதாமல் விடுவதுதான் துரோகம். இந்தத் தாய் கதவைச் சாத்தினவ. சாத்தின கதவையும் படமெடுத்துப் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றென்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

எனக்குப் பொறாமையாம். சொல்லுங்கோ, பரவாயில்லை. அந்தத் தாய்க்கு இன்னொரு மகளும் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிற வயசு. அவளின்ரை வகுப்புப் பிள்ளையளின் கையிலும் போன் இருக்கு.

நாலாம் பகுதி வரமுதல் அந்தப் படங்களை எடுங்கோ. எடுத்துப்போட்டு, கமெராவை வீட்டிலை வைச்சிட்டு, தெரிஞ்ச ஒருவர் மூலம் தாயிட்டைக் கேளுங்கோ. அவ வேண்டாமெண்டால் தொடரை நிப்பாட்டுங்கோ.